ஆவணப்படத்துக்கு இசை: பேசுகிறவரின் குரலில் இருந்து தொடங்குங்கள்

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 52 நிமிட ஆவணப்படம் எடுத்திருக்கிறார். நீங்கள் கீபோர்டு வாசிப்பவர், குறும்படங்களுக்கு இசையமைத்த பழக்கம் உண்டு, வீட்டில் கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு மைக் இருக்கின்றன, மூன்று நான்கு வாத்தியக்காரர்களுக்குக் கொடுக்கும் அளவுக்குப் பணமும் இருக்கிறது. எங்கே தொடங்குவது, எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கீபோர்டை இப்போதைக்கு மூடி வையுங்கள். நண்பரிடம் படத்தின் ஒலியை மட்டும் தனியாக வாங்கி, திரை இல்லாமல், ஹெட்போனில் முழுதாகக் கேளுங்கள். இந்தப் படத்தின் முதன்மை வாத்தியம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது, அது பேசுகிறவர்களின் குரல். கதைப்படத்துக்கு ஆர்.ஆர். (பின்னணி இசை) செய்யும்போது நடிகரின் நடிப்பைத் தூக்கிக் கொடுக்கும் வேலை இசைக்கு இருக்கும், வசனத்தை டப்பிங் தியேட்டரில் சுத்தமாக எடுத்திருப்பார்கள், அதன் மேல் நாற்பது வயலினை ஏற்றினாலும் மிக்ஸில் சமாளித்துவிடலாம். இங்கே பேட்டி கொடுக்கும் ஓர் அம்மா உப்பளத்துக் காற்றில், பின்னால் மோட்டார் ஓட, ஒரே ஒரு முறை பேசியிருக்கிறார். இன்னொரு தடவை அதையே அப்படியே பேசச் சொல்லவும் முடியாது, சொன்னாலும் வராது. நீங்கள் வைக்கப்போகும் ஒவ்வொரு சுரமும் அந்தக் குரலோடு இடத்தைப் பங்கு போட வேண்டும் என்பதால் சுருதி, காலப்பிரமாணம், வாத்தியம், மைக்கை எவ்வளவு தள்ளி வைப்பது என்பது வரை எல்லாமே அதைக் கேட்ட பிறகுதான் முடிவாக வேண்டும்.

எப்படிக் கேட்பது? பேச்சுக்கும் சுரம் உண்டு. ஆண்கள் பேசும்போது குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும், பெண்களுக்கு 165 முதல் 255 வரை. அதற்குள் ஏறி இறங்கினாலும், சாதாரணமாகப் பேசும்போது வாக்கியம் முடிகிற இடத்தில் குரல் இறங்கி உட்காரும் சுரம் ஒன்று ஒவ்வொருவருக்கும் கிட்டத்தட்ட நிலையாக இருக்கும். செக் நாட்டு இசையமைப்பாளர் லியோஷ் யானாச்செக் தெருவில் போகிறவர்களின் பேச்சைக்கூடச் சுரமாக எழுதி வைத்துக்கொள்வாராம், வருடக்கணக்காக. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பிட்ச் காட்டும் ஏதாவது ஒரு ப்ளக்இன்னில் அந்த அம்மாவின் பத்துப் பதினைந்து வாக்கிய முடிவுகளைப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு 196 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம், அது ஜி, அதாவது சி-யை ஒரு கட்டை என்று வைத்து எண்ணினால் ஐந்து கட்டை. நீங்கள் சட்ஜத்தையும் ஐந்து கட்டையில் வைத்தால் அவர் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் சட்ஜத்தில் முடியும், எல்லாமே தீர்ப்பு சொன்ன மாதிரி கேட்கும். சட்ஜம் ஒரு கட்டை என்றால் அவர் முடிப்பது பஞ்சமத்தில், உட்கார்ந்தது போலவும் இருக்கும், பேச்சு இன்னும் இருக்கிறது போலவும் இருக்கும். நான்கு கட்டையில் வைத்தால் ரிஷபத்தில் முடிந்து அந்தரத்தில் நிற்கும். கூலி உயர்வைப் பற்றி அவர் பேசி, பதில் வராத இடம் படத்தில் இருந்தால் அங்கே இந்த ரிஷபம் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரே ஆளின் குரலுக்கு மூன்று காட்சிகளில் மூன்று சுருதி வைக்கலாம், காரணம் தெரிந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் மோட்டார். நிலத்தடி உப்புத் தண்ணீரை இறைக்கும் மின் மோட்டார் பேட்டிகளின் பின்னணியில் கேட்கும் என்றே நினைக்கிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே மின் மோட்டாரின் ரீங்காரம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் இருக்கும். 98 ஹெர்ட்ஸ் ஜி என்றால் 100 என்பது ஜி-க்குக் கொஞ்சம் மேலே, ஜி ஷார்ப்புக்குக் கீழே. நீங்கள் ஜி-யில் நீளமாக ஒரு தம்புரா நாதத்தைப் பிடித்தால் இரண்டும் உரசி அலையலையாக அதிரும். அந்த அதிர்வு வேண்டும் என்றால் சரி, அழகாகக்கூட இருக்கும், வேண்டாம் என்றால் சுருதியை மாற்றுங்கள். அல்லது உங்கள் இசை முழுவதையும் முப்பத்தைந்து சென்ட் (பக்கத்துப் பக்கத்துச் சுரங்களின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏற்றி மோட்டாரோடு சேர்த்துவிடுங்கள், கணினிக்குள் அது இரண்டு நிமிட வேலை. ஆனால் வாத்தியக்காரர்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைத் தீர்மானித்துவிட வேண்டும்.

வாத்தியத் தேர்வும் இதே கதைதான். பேச்சில் சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் கூர்மை பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸில் இருக்கிறது. வயலினின் மேல்ஸ்தாயி, கஞ்சிராவின் சலங்கை, வீணையின் மீட்டொலி எல்லாம் அங்கேயே வந்து இடிக்கும். செல்லோவும் சாரங்கியும் மனிதக் குரல் இருக்கும் இடத்திலேயே இருப்பவை, தனியாக வரும்போது உருக்கும், பேச்சுக்கு அடியில் வந்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது போல ஆகும். பேச்சுக்கு அடியில் மெல்லிய நீண்ட நாதங்களை வையுங்கள், மீட்டும் தட்டும் வாத்தியங்களைப் பேசுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் வையுங்கள். மிக்ஸில் ஈக்யூ போட்டு இடிக்கும் அதிர்வெண்ணைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எழுதும்போதே நினைக்க ஆரம்பித்தால், தேவையில்லாத சுரத்தை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

உப்பளத் தொழிலாளி என்றதும் சுபபந்துவராளி, சிவரஞ்சனி மாதிரி சோக ராகங்களுக்குக் கை போகும். தயவுசெய்து வேண்டாம். அந்த மக்களைப் பார்த்து நாம் என்ன நினைக்க வேண்டும் என்பதை அவர்கள் வாய் திறக்கும் முன்பே வயலின் சொல்லிவிட்டால் பேட்டி எதற்கு? 1956-இல் வந்த அலென் ரெனேயின் ‘இரவும் மூடுபனியும்’ படத்தைப் பாருங்கள், நாஜி வதைமுகாம்களைப் பற்றிய அரை மணி நேரப் படம், இசை ஹான்ஸ் ஐஸ்லர். ஐஸ்லர் நாஜிகளுக்குத் தப்பி நாட்டைவிட்டு ஓடியவர், ஆத்திரப்பட அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் பிம்பங்கள் பார்க்க முடியாத அளவுக்குக் கொடூரமாகும் இடங்களில் அவர் இசை மெலிந்து, கிட்டத்தட்ட ஒற்றை வாத்தியமாகிவிடுகிறது. படம் கத்தும்போது இசை கத்தவில்லை. ஆவணப்பட இசைக்கு ஒரே ஒரு பாடம்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இந்த அரை மணி நேரம் போதும்.

இதைச் சொன்னால் பலர் பிலிப் கிளாஸ் இசையமைத்த ‘கொயானிஸ்காட்ஸி’யை எடுத்துக் காட்டுவார்கள், அதில் ஆரம்பம் முதல் முடிவு வரை இசைதானே என்று. நல்ல படம், ஆனால் அதில் பேட்டியும் கிடையாது, வர்ணனையும் கிடையாது, உங்கள் பிரச்சினை அவருக்கு இல்லை. அதே கிளாஸ் 1988-இல் எரால் மோரிஸின் ‘தின் ப்ளூ லைன்’ படத்துக்குச் செய்ததுதான் உங்களுக்கு உதவும். டல்லாஸில் ஒரு போலீஸ்காரர் சுடப்பட்டதைப் பற்றி ஆளுக்கொரு மாதிரி சாட்சி சொல்கிறார்கள், இசை யார் பக்கமும் சாயாமல் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யார் சொல்வது உண்மை என்று நாம்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பயிற்சியும் செய்யலாம். 2005-இல் வந்த பெங்குவின் பயணம் பற்றிய பிரெஞ்சு ஆவணப்படத்துக்கு மூலத்தில் எமிலி சிமோன் இசை, அமெரிக்கப் பதிப்பில் அதை எடுத்துவிட்டு அலெக்ஸ் வுர்மன் இசை. ஏறக்குறைய அதே பிம்பங்கள்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இசை ஒரு பறவையின் குணத்தையே எப்படி மாற்றுகிறது என்று புரியும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

சரி, இப்போது நண்பரோடு உட்கார்ந்து எந்தக் காட்சிக்கு இசை, எதற்கு வேண்டாம் என்று குறிக்கும் ஸ்பாட்டிங் வேலை. வேண்டாம் என்பதில் இருந்து தொடங்குங்கள். உப்பை வாரி வரப்பில் ஏற்றும் பலகையின் கரகரப்பு, விடியலுக்கு முன்னால் பாத்தியில் நடக்கும் காலடி, மூட்டை தைக்கும் சத்தம், இவை வரும் வேலைக் காட்சிகளுக்கு இசை போடாதீர்கள். 1948-இல் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்த ‘லூசியானா ஸ்டோரி’க்கு வர்ஜில் தாம்சன் எழுதிய இசைக்கு அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு கிடைத்தது. லூசியானாவின் நாட்டுப்பாடல் மெட்டுகளை எடுத்துக் கட்டிய இசை அது. அப்படிப்பட்ட இசை கையில் இருந்தும், எண்ணெய்க் கிணறு தோண்டும் காட்சியை எந்திரச் சத்தத்துக்கே விட்டுவிட்டார்கள். 1936-இன் ‘நைட் மெயில்’ இன்னும் கஞ்சம். லண்டனில் இருந்து ஸ்காட்லாந்துக்குப் போகும் தபால் ரயிலைப் பற்றிய படம், பெரும்பகுதி வேலையும் பேச்சும் ரயில் சத்தமும்தான். 22 வயது பெஞ்சமின் பிரிட்டனின் இசையும் ஆடனின் கவிதையும் சக்கரத்தின் தாளத்தில் சேர்ந்து ஓடுவது கடைசிச் சில நிமிடங்களில். அதனால்தான் எண்பது தொண்ணூறு வருடம் கழித்தும் எல்லோருக்கும் அந்தப் பகுதி மட்டும் நினைவில் நிற்கிறது. உங்கள் 52 நிமிடத்தில் 18 நிமிட இசை இருந்தால் தாராளம் என்பேன்.

நண்பரிடம் ஒன்றைக் கறாராகக் கேட்டுக்கொள்ளுங்கள்: எடிட்டிங்கின்போது தற்காலிகமாக ஏதாவது படத்தின் இசையைப் போட்டு வைத்திருக்கிறாரா? டெம்ப் டிராக் என்பார்கள். மூன்று மாதம் அதையே கேட்டுக்கொண்டு வெட்டியவருக்கு வேறு எந்த இசையும் பிடிக்காது, இசையமைப்பாளர் உலகம் முழுக்கப் புலம்பும் விஷயம் இது. முடிந்தால் இப்போதே, படம் லாக் ஆவதற்கு, அதாவது வெட்டுகள் முடிவாவதற்கு முன்பே, உங்கள் பக்கத்தில் இருந்து நான்கைந்து துண்டுகளை வெறும் பியானோவிலோ ஹம்மிங்கிலோ அனுப்பிவிடுங்கள், அவர் அதை வைத்து வெட்டட்டும். அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் இப்படித்தான் செய்கிறார், இசையை முதலிலேயே பதிவு செய்துவிட்டு அதற்கு ஏற்பப் படத்தை வெட்டுவார். 1990-இல் வந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய அவருடைய ‘சிவில் வார்’ தொடரில் திரும்பத் திரும்ப வரும் ஃபிடில் மெட்டு, ஜே உங்கார் 1982-இல் அந்தப் படத்துக்காக இல்லாமல் தனியாக எழுதியது. கேட்பவர்கள் அது உள்நாட்டுப் போர்க் காலத்துப் பாட்டு என்றே நினைத்தார்கள்.

ஆனால் முழுதாக வாத்தியங்களோடு பதிவு செய்வது படம் லாக் ஆன பிறகுதான். லாக் ஆகிவிட்டது என்று சொன்ன பிறகும் இரண்டு தடவை மாறும், அதைக் கணக்கில் வைத்து துண்டுகளுக்கு நீட்டவோ சுருக்கவோ முடிகிற வால் விட்டு எழுதுங்கள். படம் விநாடிக்கு 25 ஃப்ரேமா, 24-ஆ, 23.976-ஆ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 24-க்கும் 23.976-க்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுதான், ஆனால் 52 நிமிடம் ஓடி முடியும்போது மூன்று விநாடி தள்ளிப்போயிருக்கும். காலப்பிரமாணத்துக்கு ஒரு சின்னக் கணக்கு: 25 ஃப்ரேம் படத்தில் 1500-ஐ உங்கள் பிபிஎம்-மால் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது) வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று வரும். 75 பிபிஎம் என்றால் 20 ஃப்ரேம், 100 என்றால் 15. இப்படி முழு எண் வரும் வேகத்தில் எழுதினால் எடிட்டர் ஒரு ஷாட்டை நகர்த்தும்போது உங்களுக்கும் வேலை சுலபம். இதற்காக ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் அடி விழ வேண்டும் என்று நினைக்காதீர்கள், விளம்பரப் படம் மாதிரி ஆகிவிடும். வெட்டுக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ இசை தொடங்கினால்தான் மனிதர் செய்த மாதிரி இருக்கும். என் பழக்கம், பேசுபவர் ஒரு முக்கியமான வார்த்தையைச் சொல்லி முடித்து, கேட்பவருக்கு அது உறைக்க ஒரு மூச்சு நேரம் விட்டு, அதற்கப்புறம் இசையை உள்ளே விடுவது.

பதிவுக்கு வருவோம். சாம்பிள் லைப்ரரிகளை வைத்து முழு ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கும் ஆசையை விடுங்கள், உண்மையான மனிதர்கள் பேசும் படத்தில் பொய்யான ஐம்பது வயலின் உடனே பல்லிளிக்கும். ஒரு புல்லாங்குழல், ஒரு வயலின், ஒரு தோல் வாத்தியம், அடியில் உங்கள் கீபோர்டு, இது போதும். ஃபிலிம்ஸ் டிவிஷன் காலத்தில் விஜய ராகவ ராவ், அவர் சென்னையில் பிறந்த புல்லாங்குழல் கலைஞர், ரவிசங்கரின் சீடர், எத்தனையோ ஆவணப்படங்களுக்கு இசையமைத்திருக்கிறார். 1968-இன் ‘எக்ஸ்ப்ளோரர்’ கிடைத்தால் கேளுங்கள், அரசாங்கப் படத்தில் இவ்வளவு துணிச்சலா என்று இருக்கும்.

வாத்தியக்காரர்களிடம் கால்ஷீட் கேட்கும்போதே கட்டையைச் சொல்லிவிடுங்கள். புல்லாங்குழல்காரர் ஒவ்வொரு சுருதிக்கும் வேறு குழல் எடுத்து வர வேண்டும், மிருதங்கத்தில் ஓரளவுக்கு மேல் சுருதியை ஏற்றவோ இறக்கவோ முடியாது, வீணையை ரொம்ப இறக்கினால் தந்தி தளர்ந்து நாதம் போய்விடும். பறை வைக்கப் போகிறீர்கள் என்றால் தோலைக் காய்ச்ச வெளியே இடம் வேண்டும், காய்ச்சி எடுத்த கையோடு வாசித்துவிட வேண்டும், ஏசி அறைக்குள் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்ப வரும்போது வேறு சத்தம் கேட்கும்.

வீட்டிலேயே எடுக்கலாம், ஸ்டுடியோ வாடகையை வாசிப்பவருக்குக் கொடுங்கள். உப்பளம் திறந்தவெளி, சுவர் கிடையாது, எதிரொலி கிடையாது. அந்தப் பிம்பத்தின் மேல் பெரிய மண்டபத்து ரிவெர்ப் போட்ட இசை வந்தால் படத்தோடு ஒட்டாமல் மேலே மிதக்கும். ஆகவே உங்கள் படத்துக்கு வறண்ட ஒலிதான் தேவை, படுக்கையறையில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியையும் ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு, இரவில் எடுத்தால் நன்றாகவே வரும். புல்லாங்குழலுக்கு மைக்கை ஊதும் துளைக்கு நேராக வைக்காமல் சற்று மேலே இருந்து காட்டுங்கள், காற்று அடிக்காது. வயலினுக்கு ஒரு கை நீளமாவது தள்ளி வையுங்கள், கிட்டே போனால் வில்லின் உராய்வுதான் கேட்கும். அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

தாளம் உள்ள துண்டுகளுக்குக் கிளிக் (ஹெட்போனில் கேட்கும் தாள அடி) கொடுங்கள். ஆலாபனை மாதிரி போகும் துண்டுகளுக்குக் கிளிக்கை எடுத்துவிட்டு, மூடிய ஹெட்போனில் அந்த அம்மாவின் பேச்சைப் போட்டு, படத்தையும் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். நல்ல கலைஞர் பக்கவாத்தியம் வாசித்தே பழகியவர், பாடகர் நிறுத்தும் இடத்தில் தானும் நிறுத்தத் தெரிந்தவர். அவர் பேச்சுக்கும் அப்படியே வாசித்துவிடுவார், நீங்கள் எழுதிக் கொடுத்ததைவிட நன்றாகவே. வெர்னர் ஹெர்சாக்கின் ‘கிரிஸ்லி மேன்’ படத்துக்கு ரிச்சர்ட் தாம்ப்சன் குழுவினர், இயக்குநர் கூடவே இருக்க, ஸ்டுடியோவில் பெரும்பாலும் மனோதர்மமாக வாசித்துத்தான் இசை உருவானது. முதல் டேக்கை ஒத்திகை என்று சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள், பல நேரம் அதுதான் படத்தில் போகும்.

மிக்ஸுக்குக் கொடுக்கும்போது ஒரே ஸ்டீரியோ ஃபைலாகக் கொடுக்காமல், தாளம், தந்தி, குழல், கீபோர்டு என்று தனித்தனி ஸ்டெம்களாக, எல்லாம் ஒரே டைம்கோடில் தொடங்கும்படி கொடுங்கள். பேச்சு இடிக்கிற இடத்தில் குழலை மட்டும் இறக்கி மிக்ஸ் செய்பவர் சமாளித்துக்கொள்வார். படத்தின் முதல் ஃப்ரேமுக்குச் சரியாக இரண்டு விநாடி முன்னால் ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு ‘பிப்’ வையுங்கள், ஒத்திசைவு சரியா என்று பார்க்க அதுதான் வழி. சத்த அளவை நீங்கள் ஏற்றிக் கொடுக்க வேண்டாம். ஐரோப்பிய ஒளிபரப்பு மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) கேட்கும், நெட்ஃப்ளிக்ஸ் பேச்சை அளவுகோலாக வைத்து மைனஸ் 27 கேட்கும், அதெல்லாம் கடைசி மிக்ஸ் செய்பவரின் பாடு.

காகித வேலை சலிப்பானது, ஆனாலும் நண்பர் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். எந்த நிமிடத்தில் எந்தத் துண்டு, எவ்வளவு நீளம், யார் இசை என்று ஒரு கியூ ஷீட் தயார் செய்துவிடுங்கள், நாளைக்கு ஏதாவது சானல் வாங்கினால் இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கம் வழியாக ராயல்டி கேட்க அதுதான் ஆதாரம். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டருக்கு வெளியே படத்தில் உள்ள இசை பயன்படுத்தப்படும்போது இசையமைப்பாளருக்கு ராயல்டியில் பங்கு உண்டு, அதை விட்டுக்கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டாலும் சட்டப்படி செல்லாது. ரெடிமேட் லூப் எதையும் அப்படியே போடாதீர்கள், அதே லூப்பை வேறொருவர் தன் பாட்டில் போட்டுப் பதிவு செய்திருந்தால் யூடியூபில் உங்கள் படத்துக்கு உரிமைக் கோரிக்கை வரும்.

கடைசியாக, உப்பளத்தில் யாராவது பாடியதை நண்பர் பதிவு செய்திருந்தால், அதை உங்கள் இசையில் பயன்படுத்த நினைத்தால், மெட்டு நாட்டுப்புறம், யாருக்கும் சொந்தமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மெட்டு பொதுவாக இருக்கலாம், பாடியவருக்குத் தான் பாடியதன் மீது நிகழ்த்துநர் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. தமிழில் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, வயலின்காரருக்குக் கொடுத்த அதே தொகையை அவருக்கும் கொடுத்து, டைட்டிலில் இசைக்குழு என்று வரும் இடத்தில் அவர் பெயரையும் போடுங்கள், நன்றிப் பட்டியலில் தள்ளிவிட வேண்டாம்.